ஊட்டி மலை ரயிலில் குடும்பத்தோடு: டிக்கெட் போடுவதிலிருந்து கரி துடைப்பது வரை

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி பல வீடுகளில் இதுதான்: "இந்த லீவுக்காவது டாய் டிரைன்ல போலாமா?" போகலாம். ஆனால் அதை ஊட்டிக்குப் போய்ச்சேரும் வண்டியாக நினைத்துக் கிளம்பினால் சலிப்புதான் மிஞ்சும். மேட்டுப்பாளையத்திலிருந்து காரில் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் ஊட்டி. இந்த ரயில் அதே மலையை ஏற ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாக எடுத்துக்கொள்கிறது. அன்றைய சுற்றுலாவே ரயில்தான். அந்த நாளில் பொட்டானிக்கல் கார்டன், படகு இல்லம் என்று வேறு எதையும் சேர்க்க வேண்டாம்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது தேதி அல்ல, எந்தத் துண்டில் போவது என்பது. பாதை மொத்தம் 46 கிலோமீட்டர். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை நீராவி எஞ்சின், குன்னூரிலிருந்து ஊட்டி வரை டீசல் எஞ்சின். பல்சக்கரம், குகைகள், செங்குத்துச் சரிவு, அடர்ந்த காடு என்று பேர்பெற்றவை பெரும்பாலும் முதல் பாதியில் இருக்கின்றன. பின்பாதியில் தேயிலைத் தோட்டம், பள்ளத்தாக்கு, யூகலிப்டஸ் மரங்கள், குளிர்காற்று.

வீட்டில் இருப்பவர்களிலேயே மிகச் சிறியவரையும் மிக மூத்தவரையும் மனதில் வைத்து முடிவெடுங்கள். ஏழெட்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள், உட்கார்ந்து வரக்கூடிய பெரியவர்கள் என்றால் மேட்டுப்பாளையம்–ஊட்டி முழுப் பயணம். மூன்று நான்கு வயதுக் குழந்தையோ, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டிய தாத்தா பாட்டியோ இருந்தால் குன்னூர்–ஊட்டி மட்டும் போதும். ஒரு மணி நேரத்துச் சங்கதி. ஒரு நாளைக்குச் சில நடைகள் ஓடுவதால் டிக்கெட்டும் அவ்வளவு கஷ்டமில்லை. இவை இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி உண்டு: மேட்டுப்பாளையத்தில் ஏறி குன்னூரிலேயே இறங்கிவிடுவது. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், நீராவி எஞ்சினும் பல்சக்கரமும் பார்த்தாகிவிடும், சிம்ஸ் பூங்காவில் மதியத்தைக் கழித்துவிட்டு பஸ்ஸில் ஊட்டிக்குப் போய்விடலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் குடும்பத்துக்கு எங்கள் ஓட்டு இதற்குத்தான்.

டிக்கெட்

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை 7.10-க்கு ஒரு வண்டி. ஊட்டியிலிருந்து மதியம் 2 மணிக்கு ஒரு வண்டி. ஆண்டு முழுக்க ஓடும் முழுநீள வண்டி இந்த ஒரு ஜோடிதான், அதிலும் சின்னச் சின்னப் பெட்டிகள் மூன்று நான்குதான் இருக்கும். கோடை விடுமுறையிலும் கிறிஸ்துமஸ், பொங்கல் போன்ற தொடர் விடுமுறைகளிலும் ரயில்வேயின் சேலம் கோட்டம் சிறப்பு ரயில்களை அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பு வந்த அன்றே பார்த்துப் போட்டால் உண்டு. வழக்கமான வண்டியில் இடம் கிடைக்காதவர்களுக்கு அது இரண்டாவது வாய்ப்பு. சிறப்பு ரயிலின் கட்டணம் கூடுதலாக இருக்கும், நேரமும் வேறு.

முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் காலை 8 மணிக்குத் திறக்கிறது. மே 10 அன்று போக வேண்டுமானால் மார்ச் 11 காலை. பொங்கலன்று, ஜனவரி 15-க்கு வேண்டுமானால் நவம்பர் 16 காலை. 120 நாள் கணக்கு 2024 நவம்பரோடு போய்விட்டது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு நான்கு மாதம் முன்னால் தேடி, "ரயிலே காட்டவில்லை" என்று குழம்புகிறவர்கள் இன்னும் உண்டு.

செய்ய வேண்டியவை, வரிசையாக:

முதல் நாளே ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்பதிவு திறக்கும் நேரத்தில் ஆதார் சரிபார்க்காத கணக்கால் டிக்கெட் போட முடியாது. காலை 8 மணிக்கு உட்கார்ந்து ஓ.டி.பி. தேடுவதற்குள் இடம் போய்விடும்.

அதே சமயத்தில் பயணிகள் பட்டியலில் எல்லோர் பெயரையும் வயதையும் சேமித்து வைத்துவிடுங்கள். ஒரு டிக்கெட்டில் ஆறு பேர் வரைதான். எட்டுப் பேர் என்றால் இரண்டு பேர் இரண்டு கணக்கிலிருந்து ஒரே நேரத்தில் போடுவது நல்லது. அப்படிப் பிரிக்கும்போது பெரியவர்களையெல்லாம் ஒன்றிலும் பிள்ளைகளையெல்லாம் மற்றொன்றிலும் போட்டுவிடாதீர்கள். ஒரு டிக்கெட் உறுதியாகி மற்றது காத்திருப்பில் நின்றால் அப்புறம் தலைவலி.

ஊட்டி என்று தேடினால் வராமல் போகலாம். நிலையத்தின் பெயர் உதகமண்டலம், குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர். முழுத் தூரத்துக்குக் காத்திருப்பு காட்டினால் மேட்டுப்பாளையம்–குன்னூர் என்று மாற்றித் தேடிப் பாருங்கள். சில நாள் அதில் இடம் இருக்கும்.

ஐந்து வயது நிரம்பாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், ஆனால் இருக்கையும் கிடையாது. மடியில்தான். நாலரை வயதுப் பிள்ளையை ஐந்து மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு மலையேறுவது எப்படி இருக்கும் என்று யோசித்துவிட்டு, அதற்கும் ஓர் இருக்கை எடுத்துவிடுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச் முதல் இல்லை.

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? முதல் வகுப்பு இருக்கைகள் மிகக் குறைவு. அந்தப் பெட்டி மலையேறும்போது வண்டியின் முகப்பில் இருக்கும், ஏனென்றால் எஞ்சின் பின்னாலிருந்து தள்ளுகிறது. கிடைத்தால் தண்டவாளம் நம்மை நோக்கி ஓடி வருவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். கிடைக்கவில்லையென்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை. மரப்பலகை வாசனையும் பக்கத்துக் குடும்பத்தின் புளியோதரையும் இரண்டாம் வகுப்பில்தான்.

காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் இணைய டிக்கெட் சார்ட் போட்டதும் தானாக ரத்தாகி, பணம் கணக்குக்குத் திரும்பிவிடும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏற முடியாது. காலை வண்டி என்பதால் முந்தைய இரவே நிலவரம் தெரிந்துவிடும். அதனால் காத்திருப்பில் இருப்பவர்கள் மேட்டுப்பாளையத்தில் அறை எடுப்பதற்கு முன் மாற்று ஏற்பாட்டை யோசித்து வைக்க வேண்டும். காலை பஸ்ஸில் குன்னூர் போய் அங்கிருந்து ரயில் ஏறுவது எளிமையான மாற்று. குன்னூர்–ஊட்டி வண்டிகளுக்கு நிலையக் கவுன்ட்டரிலும் டிக்கெட் கொடுக்கிறார்கள். விடுமுறை நாளில் அரை மணி நேரமாவது முன்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும்.

மேட்டுப்பாளையத்துக்கு எப்போது வந்து சேர்வது

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ். இரவு சென்ட்ரலில் ஏறினால் காலை 6 மணிவாக்கில் மேட்டுப்பாளையம், அதே நிலையத்தில் மலை ரயில். பல் துலக்கி, டீ குடித்து, பிள்ளைகளைக் கழிப்பறைக்கு அனுப்ப நேரம் சரியாக இருக்கும். இரண்டும் தனித்தனி டிக்கெட் என்பதை மறக்க வேண்டாம். எக்ஸ்பிரஸ் ரொம்பவும் தாமதமானால் மலை ரயில் கைவிட்டுப் போக வாய்ப்புண்டு.

கோவை 35 கிலோமீட்டர் சொச்சம். அங்கிருந்து விடியற்காலையில் கிளம்பி வரலாம் என்று நினைப்பவர்கள் குடும்பத்தின் காலைப் பொழுதை நேர்மையாகக் கணக்கிடுங்கள். நான்கு மணிக்கு எழுப்பப்பட்ட பிள்ளை கல்லாறு தாண்டுவதற்குள் தூங்கிவிடும், பார்க்க வேண்டியதெல்லாம் அதற்கப்புறம்தான் தொடங்கும். முந்தைய இரவு மேட்டுப்பாளையத்தில் தங்குவது எவ்வளவோ மேல். நிலையத்துக்கு 6.30-க்கு வந்துவிட்டால், எஞ்சின் பின்பக்கம் வந்து கோப்பதை நிதானமாகப் பார்க்கலாம். பக்கத்திலேயே மலை ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது.

பெட்டி, பை, சாப்பாடு, பாத்ரூம்

இதில் கடைசியிலிருந்து தொடங்குவோம். வண்டியில் கழிப்பறை கிடையாது. பெட்டி விட்டுப் பெட்டி போக நடைபாதையும் கிடையாது. ஏறிய இடத்தில் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். நம்பிப் போகக்கூடிய கழிப்பறை குன்னூர் நிலையத்தில். 7.10-க்குக் கிளம்பினால் குன்னூர் சேர 10 மணியாகும். எனவே 7 மணிக்கு எல்லோரும், "எனக்கு வரல" என்று சொல்லும் பிள்ளை உட்பட, ஒருமுறை போய்வர வேண்டும். அதற்கப்புறம் குன்னூர் வரை தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். டயப்பர் பழக்கத்தை அண்மையில் விட்ட குழந்தை என்றால் அன்று ஒரு நாள் மறுபடி போட்டுவிடுவதில் தப்பில்லை. சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ நீர் பிரியும் மாத்திரை போடும் பெரியவர்கள், காலை மாத்திரையை எப்போது எடுப்பது என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுவைப்பது நல்லது.

சூட்கேஸ் வேண்டாம். இருக்கைக்கு அடியில் இருக்கும் இடம் ஒரு தோள்பைக்குத்தான் காணும். பெரிய சக்கரப் பெட்டியோடு வருபவர்கள் அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, எதிரே இருப்பவரின் முழங்காலோடு ஐந்து மணி நேரம் சண்டை போட வேண்டிவரும். சாமான் அதிகமென்றால் குடும்பத்தில் ஒருவர், நிச்சயமாக ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருப்பார், காரில் கொண்டுவந்து ஊட்டியில் காத்திருக்கட்டும். வெளியூர்ப் பதிவெண் கார் நீலகிரிக்குள் போக இ-பாஸ் வேண்டும். 2024 மே 7 முதல் உயர்நீதிமன்ற உத்தரவின்படி நடப்பில் உள்ளது. ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வாங்கிக்கொண்டு ஏறாதீர்கள். நீலகிரி மாவட்டத்தில் ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் பாட்டில்களுக்குத் தடை உண்டு, பிடித்தால் அபராதம். வீட்டு எவர்சில்வர் பாட்டில் போதும். சாப்பாட்டில் இட்லி, பொடி தடவியது, மிக நல்லது. சாம்பார் சாதம் வேண்டாம், வளைவில் கொட்டும். வண்டிக்குள் யாரும் விற்க வர முடியாது. வழியில் நிற்கும் இடங்களில் டீ, வடை, பிஸ்கட் கிடைக்கும்.

ஆடையில் ஒரு விஷயம் கவனியுங்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர், ஊட்டி 2,200 மீட்டருக்குச் சற்று மேலே. மே மாதத்தில் வேர்க்க வேர்க்க ஏறி, நடுங்கிக்கொண்டு இறங்குவீர்கள். ஸ்வெட்டரைப் பையின் அடியில் வைக்காமல் மேலாக வையுங்கள். குன்னூரில் எடுக்க வேண்டியிருக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம். குகைக்குள் எஞ்சின் புகை ஜன்னல் வழியாக உள்ளே வரும், சட்டையில் கரும்புள்ளி விழும். ஈரத் துணி ஒன்று கைவசம் இருக்கட்டும்.

ஏறியதும் என்ன பார்ப்பது

முதல் எட்டு கிலோமீட்டர் சமவெளி. பாக்குத் தோப்பும் பவானி ஆற்றுப் பாலமும் வரும். இதைப் பார்த்து "இவ்வளவுதானா?" என்று பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள். கல்லாறு வரட்டும்.

கல்லாறு நிலையம் தாண்டியதும் வண்டியின் வேகம் நன்றாகக் குறைகிறது. பிள்ளைகளைக் காதைத் தீட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். அடியிலிருந்து ஒரு சிறு குலுங்கலும் கடகடவென்ற புது ஓசையும் கேட்கும். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் பல்லாக வெட்டிய இரும்புச் சட்டங்கள் இரண்டு பக்கம் பக்கமாக ஓடுகின்றன. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம். எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பல்சக்கரம் அதில் போய்ப் பொருந்துகிற சத்தம் அது. ஒரு பல்லாவது எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இரண்டு சட்டங்கள். இங்கிருந்து குன்னூர் வரை 12 அடி போனால் 1 அடி ஏறும் அளவுக்குச் சரிவு உண்டு. வெறும் சக்கரம் அதில் வழுக்கிவிடும். வேகமும் மணிக்கு 13 கிலோமீட்டர்தான், சைக்கிள் தோற்காது.

எஞ்சின்கள் பெரும்பாலும் எண்ணெயில் எரிகின்றன. நான்கு சிலிண்டர்கள். இரண்டு சிலிண்டர் சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன. அவற்றில் வேலை முடித்த நீராவி வீணாகாமல் மற்ற இரண்டுக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பின்னால் வந்தவற்றைத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம் ஆட்களே செய்தார்கள்.

ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். முன்னால் இருப்பவர்தான் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுகிறார். எஞ்சின் ஓட்டுநர் பின்னால் இருப்பதால் அவருக்கு முன்னே என்ன இருக்கிறது என்று தெரியாது. யானை நின்றாலும் பாறை கிடந்தாலும் முதலில் பார்ப்பது இவர்தான். வண்டி நடுக்காட்டில் திடீரென்று நின்றால் பதறாதீர்கள், இறங்கவும் வேண்டாம். யானை வழிவிடும் வரை நிற்பது இந்தப் பாதையில் சகஜம்.

ஹில்குரோவ் நிலையம் வந்ததும் எஞ்சின் தண்ணீர் பிடிக்கும், நாம் கால் நீட்டிக்கொள்ளலாம். இங்கேதான் சேதாரம் நடக்கிறது. குரங்குகள். பிள்ளையின் கையில் இருக்கும் பிஸ்கட் பாக்கெட், ஜன்னலோரம் வைத்த கவர், யாரும் காவலில்லாத பை, மூன்றும் பறிபோகும். இறங்கும்போது ஒரு பெரியவர் பெட்டியிலேயே இருக்க வேண்டும். ஜன்னலை ஏற்றிவிடுங்கள். குரங்கு பறித்துவிட்டால் விட்டுவிடுங்கள், திரும்பப் பிடுங்கப் போனால் கடிக்கும். எஞ்சினோடு படம் எடுக்கும் ஆசையில் தண்டவாளத்தில் நிற்க வேண்டாம். ஊதல் கேட்டால் உடனே ஏறுங்கள், ஆளைத் தேடிக்கொண்டு வண்டி நிற்காது.

ரன்னிமேடு, காட்டேரி தாண்டிக் குன்னூர். மொத்தப் பாதையில் 16 குகைகள். ஒவ்வொன்றிலும் எல்லாப் பெட்டிகளிலிருந்தும் கூச்சல் எழும். கூச்சல் போடாத பிள்ளையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

குன்னூரில் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலைக் கோக்கிறார்கள். ஒரு குழு கழிப்பறைக்கு, ஒருவர் டீ வாங்க, ஒருவர் இருக்கைக் காவலுக்கு என்று குன்னூர் வருவதற்கு முன்பே பிரித்துவிட்டால் நேரம் போதும். கிளம்பும்போது வண்டி கொஞ்ச தூரம் வந்த வழியே பின்னால் நகரும். "ஐயோ, திரும்பிப் போகுதே" என்று பயப்பட வேண்டாம், வேறு தண்டவாளத்துக்கு மாறத்தான். 1899-இல் பாதை குன்னூர் வரைதான் வந்தது. ஊட்டி வரை நீட்ட 1908 ஆகிவிட்டது.

அதன்பிறகு வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல். கேத்திப் பள்ளத்தாக்கு திறக்கும் இடத்தில் தூங்குகிறவர்களை எழுப்புங்கள். மற்றபடி இந்த ஒரு மணி நேரம் சும்மா காற்று வாங்குவதற்கு.

எப்போது போகக்கூடாது

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. மண்சரிந்து பாதையில் பாறை விழுவதும், நாள்கணக்கில் ரயிலை நிறுத்துவதும் இந்தப் பருவத்தில்தான். தீபாவளி விடுமுறைக்கு டிக்கெட் எளிதாகக் கிடைத்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. ரயில்வேயே வண்டியை ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பும். ஆனால் ஊட்டியில் கட்டிய அறை வாடகை திரும்பாது. எனவே இந்த மாதங்களில் போனால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். மே மாதம் மலர்க் கண்காட்சிக் கூட்டம். ஊட்டியில் இறங்கியதும் ஆட்டோவுக்குக்கூட அலைய வேண்டியிருக்கும். தேதி உங்கள் கையில் இருக்கிறதென்றால் பொங்கல் முடிந்த பிறகு வரும் சனி ஞாயிறுகள் அருமை. வானம் தெளிந்திருக்கும், மழை இல்லை. ஊட்டியில் காலையில் உறைபனி விழும், கம்பளி கூட வேண்டும், அவ்வளவுதான்.

திரும்பும்போது

இறங்கும் வண்டி மூன்றரை மணி நேரம். மதியம் 2-க்குக் கிளம்பினால் 5.35-க்கு மேட்டுப்பாளையம். ஏறும் வண்டியில் டிக்கெட் கிடைக்காதவர்கள் இதை முயன்று பார்க்கலாம், நேரமும் குறைவு. இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியவர்களுக்குச் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்க நேரம் இருக்கும். குறை ஒன்று: சாப்பிட்ட மயக்கத்தில் பாதிக் குடும்பம் தூங்கும், மதியத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிட்டால் பள்ளத்தாக்கு தெரியாது. ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு முறையும் ரயில் என்று போட்டுக்கொள்ளாதீர்கள். இரண்டாவது முறை பிள்ளைகளுக்கு அலுத்துவிடும். ஊட்டி பஸ் நிலையம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேட்டுப்பாளையத்துக்கு அடிக்கடி அரசு பஸ் உண்டு. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளை இருந்தால் ஏறுவதை பஸ்ஸிலும் இறங்குவதை ரயிலிலும் வைக்காமல், ஏறுவதை ரயிலில் வைத்துக்கொண்டு, இறங்கும் பஸ்ஸில் முன்வரிசை ஜன்னல் இருக்கை பிடியுங்கள். கிளம்புவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் வர்க்கியும் சாக்லேட்டும் கொடுக்காமல் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடும்.